இரண்டு சொல் பாஸ்போர்ட்

எழிலரசி சங்கரலிங்கம். உறையின் கண்ணாடிச் சன்னலில் பெயர் தெரிகிறது, என் கொழுந்தன் மகள், பார்த்தாயிற்று, இனி இதைத் தொடாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், சொந்தக்காரர் உறை வந்தால் பிரிக்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பக்கத்து மேசையில் மிஸஸ் ஹாட்சன் இல்லை, பல் பிடுங்கப் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு வாயில் பஞ்சோடு வருவாள், அதுவரை இந்த பாஸ்போர்ட் அலுவலகத்தில் நான் ஒருத்திதான், நானும் இந்த ஏசியின் உறுமலும்தான். செயின்ட் பெட்ரா தீவில் பாஸ்போர்ட் அச்சடிப்பதில்லை. மனு இங்கே, அச்சு இங்கிலாந்தில். கடல்தாண்டி வாரத்துக்கு இரண்டு பை வரும், நான் ஒவ்வொரு உறையாகப் பிரித்து, மனுவோடு ஒத்துப்பார்த்து, உரியவர் வந்தால் கொடுப்பேன். ஏழு வருஷமாக இதே வேலை. எனக்கென்று ஒரு முறை உண்டு, ஸ்கேலை வைத்துக் கீழிருந்து மேலே படிப்பேன், மேலிருந்து வந்தால் கண் தானாகவே அடுத்ததை ஊகித்துக்கொண்டு பிழையைத் தாண்டிப் போய்விடும். முடிவு தேதி, கொடுத்த தேதி, பிறந்த இடம், பிறந்த நாள், பிறகுதான் தேசியம், அதற்கு மேல் பெயர். பிரித்துவிட்டேன். எப்போது பிரித்தேன், கத்தரிக்கோல் எப்போது கைக்கு வந்தது, உறையின் ஓரம் மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. பிறந்த இடம் செயின்ட் பெட்ரா. ஸ்கேலை ஒரு படி மேலே நகர்த்தினால் தெரிந்துவிடும், தெரிந்ததுதான், பதினெட்டு வருஷமாகத் தெரிந்ததுதான், இது அவளுக்கு நாலாவது பாஸ்போர்ட்டோ என்னவோ, இருந்தாலும் ஸ்கேல் நகர மாட்டேன் என்கிறது. நகர்த்தினேன். பிரிட்டிஷ் சிட்டிசன். இரண்டே சொல். சுத்தமாக, நடுவில் எதுவும் இல்லாமல்.

எனக்கு நான்கு. பிரிட்டிஷ் ஓவர்சீஸ் டெரிட்டரீஸ் சிட்டிசன். கடல்கடந்த ஆட்சிப்பகுதிக் குடிமகள். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் எல்லாருக்கும் ஒன்றுதான், இடையில் வந்து உட்கார்ந்துகொண்ட இரண்டுதான் என்னைப் படுத்துகிறது. கவுன்டருக்கு வருகிறவர்களுக்கு ஏழு வருஷமாக நானே விளக்கிச் சொல்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்: இரண்டு சொல் இருந்தால் இங்கிலாந்துக்குப் போய் இருக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம், நான்கு சொல் இருந்தால் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும், படிக்கப் போவதென்றால் விசாவும், எங்களைப் போன்றவர்களால் கட்ட முடியாத வெளிநாட்டுக் கட்டணமும். இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி பெற்றவர்களுக்கு, இரண்டாயிரத்து இரண்டு மே மாதத்துக்குப் பிறகு, இந்தத் தீவிலேயே பிறந்த பிள்ளைக்கு இரண்டு சொல். வேறெங்கோ பிறந்து, இங்கே வளர்ந்து, மனுப் போட்டு, ராஜாவுக்கோ ராணிக்கோ சத்தியம் செய்து வாங்கியவளுக்கு நான்கு. நான்கு போதவில்லையென்றால் இரண்டுக்குத் தனியாக மனுப் போடலாம், கொடுத்தால் கொடுப்பார்கள், கொடுக்கும்போது கொடுப்பார்கள். என் மகள் தாரணிக்கும் நான்குதான், இரண்டுக்கான மனு போய்ப் பதினான்கு மாதம். தாரணியும் எழிலும் பதினொரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஒரே மாதிரி மார்க், தாரணிக்கு உயிரியலில் இரண்டு கூட. இருவருக்கும் ஒரே நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஒரே நாளில் கடிதம் வந்தது, இருவரும் என் சமையலறையில் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அரிசி டப்பா கீழே விழுந்தது. நாளை மறுநாள் எழில் விமானம் ஏறுகிறாள். தாரணி அவளை வழியனுப்பப் போகிறாள். அந்த இரண்டு மார்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

உலகம்மாளுக்கு எப்படி அமைந்தது பாருங்கள். உலகம்மாள் என்றால் எழிலின் அம்மா, என் ஓரகத்தி, நாங்கள் கூப்பிடுவது உலகு. அந்தப் பெயரை இந்தத் தலைமுறையில் யார் வைப்பார்கள், தென்காசியில் எங்கள் வீட்டு எருமைக்குக்கூட அதைவிட நாகரிகமான பெயர். இந்தத் தீவில் ஓட்டல்களுக்கு ஏசி மாட்ட வந்த அண்ணன் தம்பி, நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்த கையோடு ஊருக்கு வந்து ஒரே முகூர்த்தத்தில் எங்களைக் கட்டிக்கொண்டார்கள், மூத்தவருக்கு நான், இளையவருக்கு அவள். ஒரே மணவறை, இரண்டு ஜோடி. அப்போதே எனக்கு மனசுக்குள் ஒரு கணக்கு, யார் புடவை நல்ல புடவை, யார் பக்கம் ஆட்கள் அதிகம். என் பக்கம்தான். அவள் பக்கம் ஒரு மாமா வந்து தாரை வார்த்தார், அம்மா அப்பா இரண்டுபேரும் இல்லை, அம்மா இவளுடைய ஒன்பதாவது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், சொல்லும்போது எனக்கு நன்றாகவே இருந்தது. அப்புறம் இங்கே வந்து, ஒரே வீட்டின் மாடியும் கீழுமாக இருந்து, ஒரே சமயத்தில் இருவருக்கும் நாள் தள்ளிப்போனது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அதில் பேச என்ன இருக்கிறது, அம்மா போனில் சொல்லிவிட்டாள், ஏழாம் மாசம் வந்துரு, டாக்டரம்மாகிட்டச் சொல்லி வச்சாச்சு, பிள்ள பெத்ததும் திங்க காயம் இடிக்கச் சாமான் வாங்கியாச்சு. என் வளைகாப்புக்கு அம்மா நாலு டஜன் கண்ணாடி வளையல் ஆள்மூலம் கொடுத்துவிட்டிருந்தாள். உலகுக்கு அனுப்ப யாரும் இல்லை. நான்தான் ஒரு டஜன் எடுத்துக் கொடுத்தேன், எனக்கு அளவு பெரிதாக இருந்த டஜன், பாசிப்பச்சை, எனக்குப் பிடிக்காத பச்சை. அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு அவள் இன்னொன்றும் கேட்டாள், வளையல் அன்றைக்கு இல்லை, நான் கிளம்புவதற்கு முந்தின நாள். அது இப்போது எதற்கு.

அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாகப் போட்டு என்னைத் தேற்றினாள், நாற்பது நாள் தரையில் கால் வைக்க விடவில்லை, ஐந்து மாதக் குழந்தையோடு நான் திரும்பி வந்து இறங்கியபோது உடம்பு மினுமினு என்று இருந்தது. உலகு விமான நிலையத்துக்கு எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள், கழுத்தெலும்பு தெரிய, தலைமுடி பாதி கொட்டிப்போய். இங்குள்ள ஆஸ்பத்திரியில் பெற்றாள். பிள்ளை பிறந்த அரைமணி நேரத்தில் நர்சு கையில் ஐஸ் போட்ட ஜூஸைக் கொடுத்திருக்கிறாள், இவளும் மறுக்கத் தெரியாமல் குடித்திருக்கிறாள். அதை நான் எத்தனை வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தீபாவளிக்குச் சொன்னேன், பொங்கலுக்குச் சொன்னேன், புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் இவளை அறிமுகப்படுத்தும்போதே சொன்னேன், பெத்த அன்னைக்கே ஐஸ் தண்ணி குடிச்ச மகராசி இவதான். அவளும் கூடச் சிரிப்பாள். எனக்குத் தாய்வீடு இருந்தது, அவளுக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம், அதுதான் எனக்குப் பெருமை, அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிப்போய் என் மகளுக்கு நடுவில் இரண்டு சொல் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். யாராவது சொல்லியிருக்கக் கூடாதா. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, கொழுந்தனுக்குத் தெரியாது, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் ஒரு புத்தகத்தில் இருக்கும், அது இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று தென்காசியில் எந்தக் கிழவிக்குத் தெரியும். உலகுக்கும் தெரியாது. தெரிந்து அவள் இங்கே பெறவில்லை, போக இடமில்லாமல் பெற்றாள். போக இடமில்லாதவளுக்கு லண்டன். ஊரெல்லாம் பாவம் பாவம் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குச் சேர்த்துவிட்டது போலிருக்கிறது. வயிறு எரிகிறது. இதற்கு வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள முடியாது, பொறாமைதான், அடிவயிற்றிலிருந்து வருகிற பொறாமை, பிள்ளை பெற்ற இடத்திலிருந்தே வருகிறது.

தாரணிக்குப் பொறாமை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நேற்று எழிலின் பெட்டியை அவள்தான் உட்கார்ந்து அடுக்கினாள், தனக்கென்று போன வருஷமே வாங்கிவைத்த குளிர்க்கோட்டை எடுத்துச் சுருட்டி அடியில் வைத்தாள். ஏட்டி, அது உனக்குல்லா வாங்குனது என்றேன். "இங்க நான் கோட்டு போட்டுக்கிட்டு எங்கம்மா போக? மீன் மார்க்கெட்டுக்கா? அடுத்த வருஷம் நான் போகும்போது அவ சம்பாதிச்சு எனக்குப் புதுசு வாங்கித் தருவா" என்றாள். அடுத்த வருஷம். நான் தினமும் பார்க்கிறேன் அந்த அடுத்த வருஷங்களை, கவுன்டரின் அந்தப் பக்கம் வந்து நின்று, மேடம் ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்கும். பார்த்துக்கொண்டே நிற்கும்போது கல்லூரி இடம் போய்விடும், வயது போய்விடும். பிள்ளை கோட்டைக் கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போகிறது. எனக்கு யார்மீது கோபம் என்று தெரியவில்லை, அந்தக் கோட்டின்மீதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

மேசையின் இழுப்பறையில் சிவப்புச் சீட்டு இருக்கிறது. இருக்கிறது என்று இப்போதுதான் நினைவு வந்ததுபோல நினைத்துக்கொள்கிறேன், உறையைப் பார்த்த நிமிஷத்திலேயே அதுதான் நினைவுக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், சிவப்புச் சீட்டில் காரணம் எழுதி உள்ளே வைத்து, திருப்பி அனுப்பும் தட்டில் போட வேண்டும். பதினொன்றரைக்கு வேன் வந்து அள்ளிப் போகும். போய்த் திரும்ப மூன்று வாரம். சந்தேகம் சரியில்லை என்று அவர்கள் சொல்வார்கள், மன்னிக்கவும் என்று ஒரு கடிதம் வைப்பார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஜாக்கிரதையான கிளார்க் என்றுகூடச் சொல்வார்கள். மூன்று வாரத்தில் கல்லூரி சேர்க்கை முடிந்துவிடும். எழிலுக்கும் அடுத்த வருஷம். இரண்டுபேரும் ஒன்றாகப் போகட்டுமே, ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள், தனியாக அந்தக் குளிரில் அவள் மட்டும் போய் என்ன செய்வாள், நான் அவளுக்கு நல்லதுதான், சீ, என்னிடமே நான் இப்படிப் பேச வேண்டாம். நல்லது இல்லை. அவள் போகக் கூடாது. என் மகள் போகாத இடத்துக்கு உலகு மகள் போகக் கூடாது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. சீட்டு கைக்கு வந்துவிட்டது. பேனாவும். மணி பத்து ஐம்பது. காரணம் என்ற கட்டம். பிறந்த இடம், மறுபடி சரிபார்க்கவும் என்று எழுதுகிறேன், என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும், இப்போதும் நன்றாக இருக்கிறது. பிறந்த இடம். அவள் எங்கே பிறந்தாள் என்று எனக்கா தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் உலகு மாடியிலிருந்து இறங்கி வந்தாள், என் சமையலறையில் நான் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வளையல் கையில் வழிந்து வழிந்து இறங்க, அதை ஏற்றிவிட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "அக்கா, போவாதீய. இங்கயே பெத்துக்கிடலாம்லா. நான் உங்களப் பாத்துக்கிடுதேன், நீங்க என்னப் பாத்துக்கிடுங்க. எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள். இதைத்தான் நான் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், காலையிலிருந்து இல்லை, பதினெட்டு வருஷமாக. நான் பூட்டைத் தேடுவதை நிறுத்தவில்லை. எனக்கு அம்மா இருக்காவ, நான் எதுக்கு இங்க கெடந்து பெறணும் என்றேன். அப்படியே சொன்னேன், அதே சொற்கள். அவள் சரிக்கா என்று சொல்லி, பூட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மாடியேறிப் போனாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் தாரணிக்கும் இரண்டு சொல். அவளுக்காக வேண்டாம், ஒரு பயந்த பிள்ளைக்காக என்றுகூட வேண்டாம், எனக்காகவே நான் இருந்திருக்கலாம். சீட்டை பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். பாஸ்போர்ட்டைத் தட்டில் போட்டேன். ஏசி உறுமுகிறது.

கதவு திறந்தது. உலகுதான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், ஏப்ரனைக் கழற்றாமலே ஓடி வந்திருக்கிறாள், நெற்றியில் வியர்வை. கவுன்டர் கண்ணாடிக்கு அடியிலுள்ள இடைவெளி வழியாக ஒரு டப்பாவைத் தள்ளினாள்.

"முந்திரிக்கொத்துக்கா. எழிலுக்குச் சுட்டேன். தாரணிக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன். நீங்க காலைல சாப்ட்டீயளா, மொகமே சரியில்லயே?"

"சாப்ட்டேன்" என்றேன்.

"பாஸ்போர்ட்டு வந்துட்டாக்கா? நானே வாங்கிக்கிடலாம்னு எழில் கையெழுத்துப் போட்ட கடுதாசி கொண்டாந்திருக்கேன்."

"இன்னும் வரல." வாய் தானாகச் சொன்னது. "வெள்ளிக்கிழமை பையில வரும்."

வெள்ளிக்கிழமை என்றால் விமானம் போய்விடும், அவளுக்கும் தெரியும். அழவில்லை, அதட்டவில்லை. என்னிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"வந்ததும் ஒரு காரியம் செய்யணும்க்கா. கடைசிப் பக்கத்துல, ஆபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு ரெண்டு பேரு எழுதணுமாம்லா. ஒண்ணு அவ அப்பா. இன்னொண்ணு உங்க பேரத்தான் போடணும்னு எழில் சொல்லிட்டா. என் பேரு வேண்டாமாம். 'நீ போனை வச்சுக்கிட்டு அழுதுட்டு நிப்பம்மா, பெரியம்மான்னா அடுத்த பிளேன்ல ஏறி வந்து நிப்பாங்க'ங்கா."

வந்து நிற்பேனாம். நான். அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தும் உலகு அந்தச் சாயங்காலத்தைத் தன் மகளிடம் சொல்லவில்லை. நானாக இருந்தால் பொங்கலுக்குச் சொல்லியிருப்பேன், தீபாவளிக்குச் சொல்லியிருப்பேன். மாடியில் இவள் என்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லி அந்தப் பிள்ளையை வளர்த்திருக்கிறாள், பெரியம்மா தைரியசாலி, பெரியம்மா வருவாள் என்று. இதிலும் இவள்தான் உயர்ந்துவிட்டாள், பாருங்கள், இந்த நேரத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். கை தட்டுக்குப் போயிருந்தது.

"வந்துட்டுது" என்றேன். "பாக்காமச் சொல்லிட்டேன். இந்தா."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள், வளையல் வாங்கிய அதே மாதிரி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்புச் சீட்டு கவுன்டர்மேல் விழுந்தது.

மறந்தே போனேன். ஏழு வருஷத்தில் ஒரு சீட்டை நான் இப்படி மறந்ததில்லை. உலகு அதை எடுத்தாள். இங்கிலீஷ் அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிக்க வரும், இந்த ஊர்ப் பிள்ளைகளோடு பழகிப் படித்தது. படித்தாள். மேலே எழிலின் பெயர் இருந்தது, கீழே என் கையெழுத்து இருந்தது, நடுவில் காரணம். என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த அலுவலக நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டரை முதல் நாலு வரை, எட்டரை முதல் நாலு வரை.

"இங்கதான்க்கா பெத்தேன்" என்றாள். "நீங்கதான் இல்ல."

சீட்டை நான்காக மடித்து இடைவெளி வழியாக என் பக்கம் தள்ளினாள். தப்புன்னு தோணிச்சு என்று ஆரம்பித்தேன், எது தப்பு என்று சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் பாஸ்போர்ட்டையும் கடைசிப் பக்கம் திறந்தபடியே தள்ளினாள்.

"எழுதுங்க."

"உலகு..."

"பிள்ள சொல்லிட்டா. எழுதுங்க." பிறகு ஏப்ரனின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே, அன்றைக்குக் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "வருவீயளாக்கா?"

நான்கு சொல்லுக்கும் அவ்வளவு உண்டு. விசா வேண்டாம், ஆறு மாதம் வரை தங்கலாம், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அடுத்த விமானத்தில் ஏறலாம். ஆயிரம் பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

"வருவேன்" என்றேன்.

முதல் கட்டத்தில் சங்கரலிங்கம் என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் என் பெயர், மங்கையர்க்கரசி ஆவுடையப்பன், நீளப் பெயர், கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, இதோ இங்கேயேதான் இருக்கிறது, தாரணியின் கோட்டு அந்தப் பெட்டியின் அடியில் இருக்கிறது, அது விமானம் ஏறும்போது இன்னும் எரியும். என் கைபேசி எண்ணை எழுதினேன். உலகு பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்கேலை எடுத்து எண்ணுக்கு அடியில் வைத்து, கடைசி எண்ணிலிருந்து முதல் எண் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.